பழைய மாருதி 800: ஸ்டீயரிங் ரேக்கை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் பள்ளமான சாலையிலும் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகமாகிவிட்டது. நேரான சாலையில் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் இரண்டு முறை செய்தும் பயனில்லை. பட்டறையில், ‘ரேக் போய்விட்டது, புதிதாகவே போட்டுவிடுங்கள்’ என்கிறார்கள். போட்டுவிடலாமா?

3 மார்ச், இரவு

இப்போதைக்கு வேண்டாம். சத்தம், ஆட்டம், இழுப்பு மூன்றையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்தைத் தருகிறார்கள். மூன்றுக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம். எது தேய்ந்திருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் ரேக்கைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். வண்டி நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்கட்டும். இந்த வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஆகையால் என்ஜினை ஓடவிட வேண்டாம். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவித்து, வீட்டில் யாரையாவது ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, ஸ்டீயரிங்கைச் சிறிய அளவில் இப்படியும் அப்படியும் விடாமல் அசைக்கச் சொல்லுங்கள். சக்கரம் திரும்பக் கூடாது. ஆட்டம் முடிந்து பிடிக்கிற இடம் வரை போய்த் திரும்பினால் போதும். சுசூகி கணக்கில் ஸ்டீயரிங் விளிம்பில் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் போனால்தான் தேட வேண்டும்.

இனி அந்த அசைவைப் பின்தொடருங்கள். ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் உள்ள சிறு பல்சக்கரம் பினியன்; அது இடவலமாக நகர்த்தும் பல் வைத்த தண்டு ரேக்; ரேக்கின் முனையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி டை ராடு, அதன் வெளிமுனை மூட்டு டை ராடு எண்டு. மேலே ஸ்டீயரிங் தண்டு அசைந்தும் பினியனுக்குள் நுழைகிற தண்டு அசையாவிட்டால், நடுவில் உள்ள ஜாயின்ட்டில் ஆட்டம். அல்லது அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது. பினியன் அசைந்து ரேக் கூடே மொத்தமாக நகர்ந்தால், அதைப் பிடித்திருக்கும் கிளாம்புகளின் அடியிலுள்ள ரப்பர் நைந்துவிட்டது. டை ராடு அசைந்தும் சக்கரத்தைத் திருப்புகிற கை அசையாவிட்டால் டை ராடு எண்டு. அசைவு எந்த இடத்தில் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறதோ, அங்கே கை வையுங்கள்; தேய்மானம் விரலில் ‘டொக்’ என்று தட்டும். டை ராடின் உள்முனை ரப்பர் பூட்டுக்குள் (சாவிப் பூட்டு அல்ல, ‘boot’ எனும் ரப்பர் உறை) ஒளிந்திருக்கும். பூட்டை விரல்களால் அமுக்கி உள்ளே இருக்கும் குமிழைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

பினியன் சுழல்கிறது, ரேக் தண்டு மட்டும் தாமதித்து நகர்கிறது என்றால் மட்டுமே ரேக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

4 மார்ச்

சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் முன் ஒன்று. வண்டியோடு வந்த ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். அது பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டும்தான். இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கி வையுங்கள், ஆயுளுக்கும் உழைக்கும். செங்கல் அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பாரம் ஏறியபடி செங்கல் நொறுங்குவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தராது.

5 மார்ச்

இழுப்பு எங்கே என்று தெரியவில்லை, ஆனால் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் திசையில் ஆடுகிறது? அதில்தான் விஷயமே இருக்கிறது.

இடது வலதாக, கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு, ரேக் பக்கம். மேலும் கீழும், பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் பிடித்தால் ஆடுகிறது என்றால் கீழ்க்கையின் (சக்கரத்தை அடியில் வண்டி உடலோடு இணைக்கும் இரும்புக் கை) முனையிலுள்ள குமிழ் மூட்டான பால் ஜாயின்ட்டோ சக்கர பேரிங்கோ. இவ்விரண்டையும் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். ஆட்டம் நின்றுபோனால் பேரிங்; பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயின்ட். பேரிங் தேய்ந்திருந்தால் ஓட்டும்போது வேகத்தோடு ஏறுகிற முனகலும் கேட்கும், அதனால் ஐயம் வராது. பால் ஜாயின்ட் சத்தம் போடாமலேயே தேயும். அது கழன்று விழுந்தால் சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து வண்டி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். முனகல் சற்றுக் காத்திருக்கும், பால் ஜாயின்ட் காத்திருக்காது. உங்களுக்கு அதுவென்றால் இந்த வாரமே மாற்றுங்கள்.

8 மார்ச்

இன்னொரு வாசகர், ‘முதலில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்து அறிக்கையைப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடுமே, எதற்கு இந்தக் கைவேலை?’ என்கிறார்.

தெரியாது. ஆட்டம் உள்ள வண்டியில் எடுக்கிற அளவு, வண்டி மேடையில் ஏறி நின்ற அந்த நிமிடத்தின் அளவுதான். மேடையை விட்டு இறக்கி முதல் வேகத்தடையைத் தாண்டினால் சக்கரம் வேறொரு இடத்தில் நிற்கும். கேள்வி கேட்டவர் இரண்டு முறை காசு கொடுத்தும் பலன் இல்லாமல் போனது இதனால்தான்.

மாருதி 800-இல் முன்சக்கரத்தின் டோ அளவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவை, மட்டுமே திருத்த முடியும். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டையும் திருத்துவதற்கு வழியே வைக்கவில்லை. அதனால் அறிக்கையில் கேம்பர் ஒரு பக்கம் தப்பாக இருந்தால், ‘சரிசெய்துவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் சேர்ந்த தூண்) வளைந்திருக்கும், கீழ்க்கை வளைந்திருக்கும், புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை) நைந்திருக்கும், அல்லது மேலே ஸ்ட்ரட் ஊன்றும் தகடு அடி வாங்கி இருக்கும். 12 அங்குலச் சக்கரம் சிறியது. பெரிய சக்கரம் மிதந்து தாண்டிவிடும் பள்ளத்தில் இது முழுசாக இறங்கி விளிம்பில் மோதும். இந்த வண்டியில் கீழ்க்கை வளைவது அபூர்வம் அல்ல.

டோ திருத்தும்போதும் ஒரு பக்கத்து டை ராடை மட்டும் திருகிவிட்டு அனுப்புகிறார்கள். சக்கரங்கள் நேராக நிற்கும், ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும். இரண்டு பக்கமும் சம அளவில் திருகச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

9 மார்ச்

அம்பாசடர் வைத்திருப்பவர் ஒருவர், ‘எங்கள் வண்டியில் இந்தத் தொல்லையே இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அம்பாசடர் மீது எனக்கும் பிரியம் உண்டு. அந்த வண்டிக்கும் ரேக் ஸ்டீயரிங்தான்; மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டைவில். தேய்கிற இடங்களில் கிரீஸ் நிப்பிள் வைத்திருப்பார்கள். கிரீஸ் துப்பாக்கியால் பழைய அழுக்குக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடித்தால் வருடக்கணக்கில் ஓடும். அடிக்காமல் விட்டால் திருகுமரை தேய்ந்து, சக்கரம் பல்லாடுவது போல ஆடும். பிரீமியர் பத்மினி காரிலும் கிங் பின்னுக்கு (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) இதே கதை. தொல்லை இல்லாமல் இல்லை; தொல்லையை உங்கள் மெக்கானிக் கிரீஸ் அடித்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்.

மாருதியில் நிப்பிள் கிடையாது. பால் ஜாயின்ட்டும் டை ராடு எண்டும் ஆலையிலேயே கிரீஸ் அடைத்து ரப்பர் பூட்டால் மூடி வந்தவை. எனவே இந்த வண்டியில் பராமரிப்பு என்பது பூட்டைப் பராமரிப்பதுதான். பூட்டில் மயிரிழை வெடிப்பு விட்டால் முதல் மழையில் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். அதற்குப் பிறகு அந்த ஜாயின்ட் எத்தனை மாதம் ஓடும் என்பது நம் கையில் இல்லை. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் நான்கு பூட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறேன், நானும் பார்க்கிறேன். ரேக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு பூட்டுகளும் அப்படியே. மடிப்புகளை விரித்துப் பார்த்தால்தான் கிழிசல் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் புதிது போலத் தோன்றும்.

14 மார்ச்

வலப்பக்க டை ராடு எண்டு தேய்ந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டதாம். நல்லது. கழற்றும்போது கவனிக்க வேண்டியவை.

லாக் நட்டைத் தொடும் முன், எண்டு நின்ற இடத்தில் மரை மீது பெயின்ட் கோடு போடுங்கள், அல்லது எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதை அதே சுற்றுக்குத் திருகினால் அலைன்மென்ட் மேடைக்குப் போய்ச் சேரும்வரை வண்டி ஒழுங்காக ஓடும்.

கூம்பு வடிவத் தண்டு, சக்கரத்தைத் திருப்பும் கையின் துளையில் இறுகிப் போயிருக்கும். பலர் நட்டைக் கழற்றிவிட்டுத் தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கிறார்கள். மரை நசுங்கும், எண்டு வராது. அடிக்க வேண்டியது துளை இருக்கிற கண்ணின் பக்கவாட்டில். கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் நறுக்கென்று ஓங்கினால் துளை ஒரு கணம் நெளிந்து தண்டைக் கக்கிவிடும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பட்டறையில் இதை முதன்முதலில் பார்த்தபோது மந்திரம் போட்டாரோ என்றுதான் தோன்றியது. மதியம் முழுக்க இரண்டு பையன்கள் மல்லுக்கட்டிய எண்டு அது. அவர் நட்டைக் கழற்றிவிடாமல் மரையின் நுனி வரை தளர்த்தி மட்டும் வைத்திருந்தார், தண்டு தெறித்துக் கீழே விழாமலிருக்க. எண்ணெய் தடவி, ஒரு பீடி முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் ஓங்கினார்.

புதிய எண்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். விரலுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். தளதளவென்று ஆடினால் திருப்பிக் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் நான்கைந்து தரத்தில் எடுத்து வைப்பார்கள். ஸ்டீயரிங் சாமானில் விலை குறைந்ததைத் தேடாதீர்கள். பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கண்ணாடி வாங்கலாம், கதவு வாங்கலாம், பழைய டை ராடு எண்டும் பால் ஜாயின்ட்டும் வாங்கக் கூடாது.

14 மார்ச், சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: நட்டு கழலாமல் தடுக்க அதில் போடும் கம்பி ஊசியான ஸ்பிளிட் பின் புதிதாக இருக்க வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். துளை நேர்ப்படவில்லை என்றால் நட்டை இன்னும் சற்று இறுக்கி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டும். தளர்த்தி நேர்ப்படுத்துவது கூடவே கூடாது.

20 மார்ச்

எண்டு மாற்றியதும் ஸ்டீயரிங் ஆட்டம் பாதியாகக் குறைந்தது, ‘டக் டக்’ அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான். அடுத்தது ரப்பர் புஷ்கள்.

இந்த வண்டியின் முன் கீழ்க்கையை உடலோடு பிணைப்பது ஒரே ஒரு புஷ். முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார் எனும் வளைந்த குறுக்குக் கம்பி. அதன் முனை கீழ்க்கைக்குள் நுழைந்து, இருபுறமும் ரப்பர் வைத்து, நட்டு போட்டு நிற்கும். அந்த ரப்பர் நைந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகரும், விட்டதும் முன்னுக்கு வரும். பிரேக்கைத் தொட்டதும் ஒரு ‘டக்’, விட்டதும் ஒரு ‘டக்’. கேஸ்டர் அளவைப் பிடித்து வைத்திருப்பதும் அதே ரப்பர்தான். ஒரு பக்கம் மட்டும் நைந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் இழுப்புக்கு ரேக்கைக் குற்றம் சொன்னவர்கள் இதைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். ரேக் தேய்ந்தால் வண்டி அலைபாயும். ஒரே பக்கமாக இழுக்காது.

புஷ் மாற்றினால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீழ்க்கையின் உள்போல்ட்டைக் கடைசி இறுக்கம் கொடுக்கும்போது வண்டி சக்கரத்தின் மேல், தன் பாரத்தோடு நிற்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில், கை தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், புஷ்ஷின் உள் இரும்புக் குழாய் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழத் தொடங்கும். பிறகு பள்ளம் மேடு எல்லாம் அந்த முறுக்கின் மேல் கூடுதல் முறுக்கு. சில மாதங்களில் கிழிந்துவிடும். ‘இந்தக் காலத்துச் சாமான் தரமில்லை’ என்று கடைக்காரர் மேல் பழி போகும். நல்ல ரப்பர் பல, இந்த ஒரு அவசரத்தால் சாகின்றன. பட்டறைகளில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தாலும் கேளுங்கள்.

21 மார்ச்

‘ரப்பருக்கு பதில் பாலியுரித்தேன் போடலாமா?’ போடலாம், எளிதில் தேயாது. ஆனால் சாலையின் ஒவ்வொரு சரளைக்கல்லும் இருக்கைக்கு வந்து சேரும். நம் ஊர்ச் சாலையில் அன்றாடம் ஓடும் வண்டிக்கு நான் ரப்பரையே சொல்வேன்.

27 மார்ச்

புஷ் மாற்றி, அலைன்மென்ட்டும் செய்தாகிவிட்டது. சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. இன்னும் லேசாக இடப்பக்கம் போகிறதாம்.

முதலில் டயர் காற்றை நான்கிலும் குளிர்ந்த நிலையில் பாருங்கள். அடுத்து முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறிவிட்டால் குற்றம் டயரில். ரேடியல் டயர் சிலவற்றுக்கு உள்பெல்ட் சற்று விலகி இந்தக் குணம் வரும். மாறாவிட்டால், சற்று ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை எதுவும் இல்லை என்றால் சாலையைப் பாருங்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஸ்டீயரிங்கை விட்டால் எந்த வண்டியும் மெல்ல இடது ஓரத்துக்குத்தான் போகும். ஆள் இல்லாத நேரத்தில், பாதுகாப்பாக முடிந்தால், சாலையின் நடுவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கே நேராகப் போனால் வண்டியை விட்டுவிடுங்கள், அதற்கு ஒன்றுமில்லை.

6 ஏப்ரல்

வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் முன்னால் ‘டொய்ங்’ என்று கம்பி சுண்டுவது போலச் சத்தம், சமவெளியில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். என் வண்டியிலும் மலைப்பாதையில்தான் முதலில் கேட்டது.

ஸ்ட்ரட்டின் மேல்முனையில் ஒரு பேரிங் இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட்டும் சுருள்வில்லும் சேர்ந்து சுழல்வது அதன் மேல்தான். அது துருப்பிடித்து இறுகினால் வில் சுழலாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபட்டுத் துள்ளும். வண்டியை நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பட்டும். நீங்கள் வில்லின் மேல் உள்ளங்கையை வையுங்கள், விரல்களைச் சுற்றுகளுக்கு நடுவே நுழைக்காமல். ஒரே சீராகச் சுழல்வதற்குப் பதில் நின்று துள்ளினால் அந்த பேரிங்தான். வளைவு முடிந்த பின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். வில் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் கருவி போடாமல் நடு நட்டைக் கழற்றினால் தகடும் வில்லும் முகத்தை நோக்கிப் பறக்கும். கயிறும் கம்பியும் கட்டிக் கழற்றுகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அப்படிச் செய்கிற இடத்தைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிரிப்பதே பிரிக்கிறீர்கள், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருக்கக் கூடாது.

13 ஏப்ரல்

முதல் நாள் ரேக்கைத் தொட வேண்டாம் என்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேக்கில் குற்றமே வராது என்று பொருள் இல்லை.

பினியன் ஓட்டுநர் பக்கம், வலதில் இருக்கிறது. ரேக் தண்டின் இடது கோடியைத் தாங்குவது கூட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய புஷ். இடப்பக்க பூட்டைக் கழற்றி, தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் அந்த புஷ்ஷை மட்டும் மாற்றினால் தீரும். பள்ளத்தில் ஸ்டீயரிங்கிலேயே உணர்கிற ‘கடகட’ பல வண்டிகளில் இதனால்தான். ரேக் தண்டின் பின்னால், பினியனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வில்லும் அழுத்தியும் திருகும் இருக்கின்றன. பல் சக்கரத்தோடு ரேக்கை ஒட்ட வைப்பவை. முழுக்க இறுக்கிவிட்டு, பிறகு சற்றே திருப்பித் தளர்த்தி விட வேண்டும். ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று இறுக்கியே விட்டால் ஸ்டீயரிங் கனக்கும், நடுவுக்குத் திரும்பாது, பல் சீக்கிரம் தேயும்.

ரேக்கையே மாற்ற வேண்டிய கட்டம் என்று நான் சொல்வது: பூட்டுக் கிழிந்து தண்ணீர் புகுந்து தண்டில் துருக் குழிகள் விழுந்திருந்தால், அல்லது திருப்பும்போது நடுவில் தளர்ந்தும் இரு ஓரங்களில் இறுகியும் இருந்தால். நடுப்பகுதிப் பற்கள் மட்டும் தேய்ந்திருப்பதன் அடையாளம் அது. எந்தத் திருகாலும் அது சரியாகாது.

15 ஏப்ரல்

‘இவ்வளவு செலவு செய்வதற்கு வேறு வண்டி வாங்கலாமே’ என்று ஒருவர். 2010 ஏப்ரலிலேயே சென்னை உள்பட 13 நகரங்களில் இதன் விற்பனை நின்றது, 2014 ஜனவரியில் தயாரிப்பும் நின்றது, உண்மைதான். ஆனாலும் டை ராடு எண்டு, புஷ், பேரிங் எல்லாம் இன்றும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கின்றன. ஒரு மனிதர் தன் அப்பாவின் வண்டியை ஓட்ட விரும்புகிறார். அதற்கு வழி இருக்கும்போது ஏன் தடுக்க வேண்டும்?

22 ஏப்ரல்

முன்பக்கம் அமைதியாகிவிட்டதும் பின்பக்கச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. பயப்பட வேண்டாம், முன்பே இருந்தது, இப்போதுதான் காதுக்கு எட்டுகிறது. பின் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டின் இரண்டு முனை ரப்பர்களைப் பாருங்கள். வளைவில் பின்பக்கம் ஒரு முறை தள்ளுவது போல உணர்ந்தால் பெரும்பாலும் அவைதான். மாற்றும்போது 20 மார்ச் குறிப்பில் சொன்ன அதே விதி இங்கும் உண்டு: பின்சக்கரங்கள் தரையில் ஊன்றிய பிறகே கடைசி இறுக்கம்.